ஏழாம் கணவாயின் கதவு

இளம்பிள்ளை பஸ்ஸில் ஏறியதிலிருந்து சின்னராஜின் மடியில் ஒரு மேச்சேரி ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருந்தது. அது அவனுடையதல்ல. பக்கத்தில் நின்ற அம்மாள், "செத்தப் புடிச்சுக்க சாமி" என்று கொடுத்தாள். கொடுத்தவள் அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை. துப்பறியும் நிலையத்தில் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவன் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு போவதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது என்பதுதான் அப்போது அவனுடைய பெரிய கவலை.

முன்சீட்டில் அருணகிரி ஜன்னலோரமாக உட்கார்ந்து கஞ்சமலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். சேலம் ஜங்ஷனில் காணாமற்போன சாமான்கள் ஆபீஸில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்து, வேலையை உதறிவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவர். தொலைந்த பொருளைத் தேடாதே, தொலைத்தவனைக் கவனி, பொருள் தானே வந்து நிற்கும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் நிலையத்துக்கு இதுவரை வந்த லாபத்தைச் சின்னராஜ் ஒரு கை விரலில் எண்ணிவிட்டு மீதி விரலால் தலையைச் சொறிந்துகொள்வான்.

அருணகிரிக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் இந்தத் துப்பைக் கொண்டு வந்த கட்சிக்காரர். பெயர் தோமினிக். சேலத்து வாரப் பத்திரிகை 'மணிக்கூண்டு'வில் 'தொப்பை ஜமீன்' என்ற சிரிப்புச் சித்திரக்கதை வரைகிறவர். தொப்பை ஜமீனை ஒட்டி வைக்காத சலூன் சேலத்தில் கிடையாது. சின்னராஜும் வாரம் தவறாமல் படிக்கிறவன்தான். முதல் நாள் இவர் நிலையத்துக்குள் நுழைந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கி விடமாட்டேன் என்று நின்றான். ஆனால் மனிதர் ஜமீனைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே நெளிந்தார்.

"அது வயித்துப் பொழப்பு தம்பி. நான் தேடி வந்தது நெஜமான படத்தை" என்றார்.

நிஜமான படம் என்றால் 'ஏழாம் கணவாய்'. எழுதி வரைந்தவர் எடப்பாடியில் பிறந்த அம்மாசி என்கிற ஓவியர். கண்ணிழந்த ராஜாவை அவருடைய மகள் கொற்றி கையைப் பிடித்து ஏழு மலைக் கணவாய்களைத் தாண்டி அழைத்துப் போகிற கதை. ஏழாவதைத் தாண்டினால் பார்வை வரும் என்று ஒரு வாக்கு. அதே மணிக்கூண்டில் வாரத்துக்கு ஒரு பக்கமாக வருஷக்கணக்கில் வந்தது. பாம்புக் கணவாய், பனிக் கணவாய், பிணம் பேசும் கணவாய் என்று ஆறு தாண்டியாயிற்று. ஏழாவதில் ஒரு கல் கதவு. கொற்றி அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. அது தொடரவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் அந்தப் பக்கங்களை ஒளித்து வைத்துப் பார்த்தவர் தோமினிக். ஒருநாள் பாடம் நடத்தும் பாதிரிச் சாமியாரிடம் மாட்டிக்கொண்டார். பிடுங்கிக்கொண்டு போன சாமியார் மறுவாரம் கூப்பிட்டு, அடுத்தது வந்துவிட்டதா என்று கேட்டாராம். அம்மாசி வரைந்த கோடுகளைக் காகிதம் வைத்துப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துத்தான் இவருடைய கைக்கு வரையத் தெரிந்தது. இவ்வளவு இருந்தும் அந்த மனிதரைப் போய்ப் பார்க்க இவருக்குக் கடைசி வரை துணிச்சல் வரவில்லை. போன தை மாதம் அம்மாசி இளம்பிள்ளையில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் இவருக்குச் சேதியே எட்டியது.

இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பதிப்பாளர் ஒருவர் ஏழாம் கணவாயைத் தீபாவளிக்குப் புத்தகமாகப் போடப் போகிறார். அவர் தோமினிக்கிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாசி கையால் வரைந்த முடிவு எங்காவது இருந்தால் இந்த மாதத்துக்குள் கொண்டு வா. இல்லையென்றால் நீ வரைந்து கொடு. நீயும் மாட்டேன் என்றால், கொற்றிக்கு ஓர் இளவரசனைப் பிடித்துக் கல்யாணம் பண்ணி வைத்து முடிக்க என்னிடம் ஆள் இருக்கிறது.

"நான் யாருங்க சார், அந்தக் கதவைத் தொறக்க?" என்றுதான் தோமினிக் அருணகிரியிடம் கேட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மாசி வரைந்த கடைசிப் பக்கங்கள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த இளவரசன் குதிரையில் வந்து இறங்கிவிடுவான்.

கையில் இருந்த தடயம் ஒன்றுதான். கடைவீதியில் ஓவியர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர், அம்மாசி சாகும் வருஷம் வரை கெட்டியான படம் வரையும் அட்டை வாங்கிப்போனதாகச் சொன்னார். கதை நின்று எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் அட்டை வாங்கியிருக்கிறார் என்றால் வரைந்துகொண்டுதானே இருந்திருப்பார் என்று தோமினிக்குக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அருணகிரி மட்டும் கடைக்காரரிடம், "மை?" என்று கேட்டார். மை வாங்குவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். பழைய மை நிறைய மிச்சம் இருந்திருக்கும் என்றான் சின்னராஜ். அருணகிரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் எதிராளி சொன்னது அபத்தம் என்று அர்த்தம். சின்னராஜுக்கு அது பழகிப்போயிருந்தது.

பஸ் குலுங்கியது. அருணகிரி திரும்பி, தோமினிக்கின் முதல் படம் எப்போது வந்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். தோமினிக்கின் முகம் மலர்ந்தது. ஏழாம் கணவாய் நின்ற மறுவாரமே தன் ஜமீன் வந்துவிட்டதாகவும், தபாலில் அனுப்பி வைத்ததை ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டியதாகவும் சொன்னார். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, அவர் குணமாகி வரும்வரை இந்தப் பக்கத்தை நீ பார்த்துக்கொள் என்றாராம் ஆசிரியர். "அவரு உக்காந்த எடம் சார். சூடு ஆறாம வெச்சிருக்கணும்னுதான் நான் வரைஞ்சேன்." பெரியவர் வரவில்லை. இடம் இவருக்கே நிலைத்துவிட்டது.

அருணகிரி மறுபடி மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் ஏற்பட்ட மாறுதலைச் சின்னராஜ் கவனித்திருப்பான். ஆட்டுக்குட்டி அந்த நேரம் பார்த்து அவன் வேட்டியை நனைத்துவிட்டது.

இளம்பிள்ளையில் குட்டியை அம்மாளிடம் கொடுத்துவிட்டு இறங்கியதும் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். யாரைக் கேட்டாலும் அம்மாசி வீட்டைத் தெரிந்திருந்தது. அம்மாசியின் மனைவி பாவாயி வாசலில் ராட்டையை வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று உயரமான பெண்பிள்ளை. நரைத்த தலையை அள்ளி முடிந்திருந்தாள். மூன்று பேரைக் கண்டதும் ராட்டையை நிறுத்தி, "வாங்க, உக்காருங்க. எங்கிருந்து வாரீங்க?" என்று பாயை விரித்தாள். அருணகிரி தம்மைச் சொன்னார். சின்னராஜைச் சொன்னார். பிறகு, இவர் தோமினிக், மணிக்கூண்டில் படம் வரைகிறவர் என்றார்.

பாவாயி உள்ளே போய் ஒரு சொம்பும் இரண்டு டம்ளரும் கொண்டு வந்தாள். அருணகிரிக்கு ஊற்றிக் கொடுத்தாள். சின்னராஜுக்கு ஊற்றிக் கொடுத்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

வாசல் மிதித்தவன் பகையாளியாக இருந்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வழிதவறி வந்தவனுக்கும் உண்டு, ஆடு பிடிக்க வந்தவனுக்கும் உண்டு. டம்ளர் பற்றாமல் போயிருக்கும் என்று நினைத்துச் சின்னராஜ் குடித்து முடித்துத் தன்னுடையதைத் தோமினிக் பக்கம் நீட்டினான். பாவாயி அதை வாங்கிச் சொம்பின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள். தோமினிக் தலையைக் குனிந்துகொண்டார். கிறிஸ்தவன், வேதக்காரன் என்பதால் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. சின்னராஜும் அப்படித்தான் நினைத்தான், அவனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

படங்களைப் பற்றிக் கேட்டதற்குப் பாவாயி ஒரே வார்த்தையில் முடித்தாள். "ஊட்டுல ஒரு படமும் இல்லீங்க." வேறு எங்காவது இருக்குமா என்று அருணகிரி கேட்டதற்கு அவள் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு நெசவாளி ஒருவர் வாசலுக்கு வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கியது. யாகப்பன் என்று அவரே சொல்லிக்கொண்டார். பாவாயியிடம் நூல் கண்டு கேட்டு வந்தவர், பேச்சோடு பேச்சாக அந்தச் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு வைத்தார். பாவாயி, "இன்னொரு சொம்பு வேணுமா?" என்று அவரைக் கேட்டாள்.

அருணகிரி எழுந்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தெருவில் இறங்கி, தோமினிக் சற்று முன்னால் போனதும், அருணகிரி சின்னராஜின் காதோரம் கேட்டார்.

"அந்த அம்மா தண்ணி குடுக்காதது வேதக்காரங்கறதுக்காகவா?"

"இல்லீங்க சார். சிலுவை போட்டவரு சொம்பையே கவுத்துட்டுப் போறாரு."

"அப்ப வேற என்ன?"

"ஆளைப் புடிக்கலீங்க. ஆனா இன்னைக்குத்தான மொதமொதப் பாக்குது."

"முகத்தைப் பார்த்து வந்த கோபம் இல்லை. பேரைக் கேட்டதும் வந்தது. இந்தப் பேரை அந்த வீட்டுல ரொம்ப நாளா பேசியிருக்காங்க." அருணகிரி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பத்திரிகையில் படத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. ஒருவர் நின்ற மறுவாரமே இன்னொருவர் வருகிறார் என்றால், முன்னவருக்கு உடம்பு சரியில்லாமற்போனது கொஞ்சம் அதிகப்படியான சௌகரியமாக இல்லையா என்று கேட்டார். ஆசிரியர் சிரிப்புப் படத்துக்காகப் பெரியவரைக் கழற்றி விட்டிருக்கிறார் என்பது அவருடைய ஊகம்.

முன்னால் போகிற மனிதர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இதை அவரிடம் யார் சொல்வது? அவன் சொல்லமாட்டான். ஆட்டுக்குட்டியைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பான், இதை மட்டும் சொல்லமாட்டான்.

"படம் எங்கீங்க சார் அப்ப?"

"அட்டை வாங்கியிருக்கார், மை வாங்கலை. வரையறதுக்கு இல்லாம இந்த ஊர்ல கெட்டி அட்டை எதுக்கு வேணும்? நின்னு கேளு."

சின்னராஜ் நின்று கேட்டான். தெரு முழுக்க டடக் டடக் என்று தறி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. புரிந்ததும் அவன் தோமினிக்கைக் கூப்பிட்டுக்கொண்டு யாகப்பனின் வீட்டைப் பார்த்துத் திரும்பினான்.

யாகப்பனின் தறி மடம் இருட்டாகக் குளுமையாக இருந்தது. குழித்தறியில் கல்யாணப் பட்டு ஒன்று பாதி நெய்தபடி நின்றது. அரக்கு உடல், மாம்பழக் கரை. தறிக்கு மேலே உத்தரத்தில் ஜக்கார்டு பெட்டி. நீள நீளமான ஓட்டை குத்திய அட்டைகளை நூலால் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மிதி மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகப் பெட்டிக்கு வரும். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி எழும்பி அதனதன் இழையைத் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. பூ விழுவதும் மாம்பழம் விழுவதும் அந்த ஓட்டைகள் சொல்கிறபடிதான்.

"யாருங்க அட்டை குத்துனது?" என்று அருணகிரி கேட்டார்.

"நம்ம அம்மாசி அண்ணந்தான். படம் போடறதை உட்டதுக்கப்புறம் இதான் அவருக்கு வேலை. கரைக்குக் கட்டம் போட்டு, அட்டை வெட்டி, ஓட்டை குத்தி, கோத்துக் குடுப்பாரு. சேலத்து அட்டைதான் நல்லா நிக்குமுங்க. கடையில வாங்கற வேற அட்டை மழைக்கு நமுத்துப் போவும்."

அருணகிரி ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். யாகப்பன் குழியில் இறங்கி மிதித்தார். அட்டைகள் நகர்ந்தன. வெள்ளை அட்டை, வெள்ளை அட்டை, பழுப்பு அட்டை. பிறகு ஓர் அட்டை திரும்பியது, அதன் பின்பக்கத்தில் ஒரு கண் இருந்தது.

கண் என்றால் முழுக் கண். கறுப்பு மையில் இமையும் புருவமுமாக வரைந்த பெண்ணின் கண். அதன் நடுவில் நான்கைந்து ஓட்டைகள்.

"கொற்றி" என்றார் தோமினிக்.

அவர் சொன்ன விதத்தைக் கேட்டு யாகப்பன் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். தோமினிக் தறிமேல் எக்கி, சங்கிலியைத் திருப்பினார். அடுத்த அட்டையில் ஒரு கையின் பாதி, அதற்கடுத்ததில் கல்லும் கல் இடுக்கில் முளைத்த புல்லும், அப்புறம் ராஜாவின் தாடி. பக்கங்களை நெடுக வெட்டி, ஓட்டை குத்தி, கரையின் கணக்குப்படி கோத்திருந்தபடியால் ஒரு பக்கத்தின் துண்டுகள் சங்கிலி முழுக்கச் சிதறிக் கிடந்தன. அட்டை மூலையில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. அம்மாசி தன் பெயருக்கேற்பப் படங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் போடுகிற அமாவாசை நிலா அது.

தோமினிக் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரதி எடுக்க உட்கார்ந்துவிட்டார். யாகப்பன் நல்ல மனிதர். முகூர்த்தப் புடவை நிற்கிறதே என்று வாய்க்குள் முனகினாலும், சங்கிலியை அவரே கையால் மெல்லத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். மற்ற அட்டைகள் எங்கே என்று சின்னராஜ் கேட்டதற்கு, சில எடப்பாடிக்குப் போய்விட்டதாகவும், கரை பழசாகிப் போனால் அட்டையைச் சாய அடுப்புக்கு எரிக்கிறது வழக்கம் என்றும் சொன்னார். ஏழாம் கணவாயின் முடிவில் மிஞ்சியது இந்தச் சங்கிலியில் இருப்பதுதான்.

அதுவும் ஒன்றுக்கொன்று பொருந்த ஆரம்பித்தது. சின்னராஜே குனிந்து பார்த்து, இந்தப் புல் அந்தக் கல்லோடு சேரும், இந்த விரல் அந்தக் கையோடு சேரும் என்று எடுத்துக் கொடுத்தான். காகிதத்தில் கதவு உருவாயிற்று. கொற்றி தள்ளுகிறாள், கதவு ஒரு கோடு அளவுக்குத் திறக்கிறது, ராஜா முகத்தை நிமிர்த்துகிறார். அவர் கண்ணைத் திறந்திருக்கிறார். தோமினிக் அழுதுகொண்டே வரைந்தார், அதை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. கிடைத்துவிட்டது, இளவரசனைக் குதிரையோடு திருப்பி அனுப்பிவிடலாம் என்று சின்னராஜ் நினைத்தான்.

கடைசிப் படம்தான் பாக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் ராஜா பார்த்தது என்ன?

யாகப்பன் சங்கிலியை நகர்த்தினார். கடைசிப் பக்கத்தின் ஓரத் துண்டு வந்தது. கதவின் நிலை தெரிந்தது. அடுத்து நடுத் துண்டு வந்தது. அதில் ஓட்டைகள்தான் இருந்தன. வரிசை வரிசையாக, இடைவெளியே இல்லாமல், சல்லடை மாதிரி. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் மையின் கறுப்பு மயிரிழை மயிரிழையாக ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, அது மரமா, மனிதனா, கடலா, ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த துண்டும் அப்படியே.

"கரை முடியற எடத்துல எல்லாக் கொக்கியும் எழும்பணுமுங்க. அதுக்கு ஓட்டை ரொம்பி இருக்கும்" என்றார் யாகப்பன், மன்னிப்புக் கேட்பதுபோல.

தோமினிக் அந்த அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "பத்திரிகைக்காரங்கதான் அவரை நிறுத்துனாங்களா சார்? எனக்காகவா?" என்று கேட்டார். அருணகிரி தொண்டையைச் செருமினார். தெருவில் காதோடு காதாகச் சொன்னது அவ்வளவு ரகசியமாக இருக்கவில்லை போலிருக்கிறது.

"அவிங்க நிறுத்தலீங்க" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. பாவாயி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் உள்ளே வந்து உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். கதை முழுவதையும் முடித்து, கடைசிப் பக்கங்களை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாசி அன்றைக்குச் சேலத்துக்குப் போயிருக்கிறார். ஆசிரியர் மேஜைமேல் தபாலில் வந்த ஒரு கட்டு பிரித்துக் கிடந்தது. எவனோ ஒரு பையன் அனுப்பியது. ஆசிரியர் வருகிற வரைக்கும் பொழுது போகவேண்டுமே என்று எடுத்துப் பார்த்தவர், நின்றுகொண்டே சிரித்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்.

"ஊட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாருங்க. 'பாவாயி, ஒருத்தன் வந்துட்டான். ஒத்தைக் கோட்டுல ஒரு ஆளை நிறுத்தறான். நான் இத்தனை வருசமா மலையைச் செமந்துட்டுக் கெடக்கறேன், அவன் ஒரு தொப்பையை வெச்சுட்டு ஊரையே தூக்கறான். எம் பக்கத்தை அவனுக்குக் குடுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்'னாரு. ஒடம்பு சரியில்லைன்னு அந்தப் பையங்கிட்டச் சொல்லச் சொன்னதும் அவருதான். இல்லாட்டி வாங்கிக்க மாட்டான்னு."

அருணகிரி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவருடைய ஊகம் தவறிப்போவதைச் சின்னராஜ் அடிக்கடி பார்த்ததில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரு குத்தல் வார்த்தை சொல்லாமல் விட்டதும் இல்லை. அன்றைக்கு அவன் பாவாயியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கொண்டுபோன பக்கத்தையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து, மக்யா நாள் காலையில உக்காந்து வெட்டுனாருங்க. நான் அழுதேன். கேக்கல. அப்பறம் சாகற வாரம் வரைக்கும் பத்திரிகை வாங்கித் தொப்பை ஜமீனைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாரு. அதான் எனக்குப் பொறுக்கல" என்றாள் பாவாயி. "ஒரு வாட்டியாவது அவரு உங்களைத் திட்டியிருந்தா, இன்னைக்கு உங்களுக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்திருப்பனுங்க."

தோமினிக் எழுந்து நின்றார். அம்மாசி தன் படத்தைப் பார்த்திருக்க மாட்டாரா, பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா என்று ஆயுசு முழுக்க ஏங்கியவர். அந்த வார்த்தை இன்றைக்குக் கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடத்திலேயே ஏழாம் கணவாய் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு அவரிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? நீங்க பார்த்திருப்பீங்களே."

"இல்லீங்க. அந்த அட்டையை மட்டும் அவரு எனக்குக் காட்டவே இல்லை. குப்புறப் போட்டுத்தான் வெட்டுனாரு."

பாவாயியின் முகத்தில் இருந்த கடுமை எங்கேயோ போய்விட்டது. அவள் தோமினிக்கைப் பார்த்து, அந்த முடிவை நீங்களே வரைந்து போட்டுவிடுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். தோமினிக் தலையை ஆட்டினார். தன்னால் ஆகாது என்றார். அம்மாசியின் மலைக்கு முன்னால் தன்னுடையது வெறும் தொப்பை என்றார். அந்தக் கதவைத் தான் தொட்டால் கை வெந்துபோகும் என்றார்.

"அப்பறம் எதுக்கு சாமி அவரு எடத்தை உட்டுக் குடுத்துட்டுப் போனாரு?" என்றாள் பாவாயி.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நிலைப்படியை விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டாள். எதிர்வீட்டில் ராட்டை மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.

தோமினிக் தான் பிரதி எடுத்த காகிதங்களைக் கீழே கிடந்த நூல் கழிவோடு வைத்துவிட்டு, யாகப்பனிடம் தறியை ஓட்டச் சொன்னார். கல்யாணப் பெண் காத்திருப்பாள் என்றார். புடவை முடிந்ததும் சங்கிலியைக் கழற்றித் தந்துவிடுகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று யாகப்பன் சொன்னதற்கு, வேண்டாம், அவர் எதற்காக வெட்டினாரோ அதற்கே ஓடட்டும் என்றார். தறி ஓடத் தொடங்கியது. கொற்றியின் கண் வந்தது, போயிற்று. ராஜாவின் தாடி வந்தது, போயிற்று. அந்தச் சல்லடை அட்டை வந்து பெட்டியில் மோதும்போதெல்லாம் கொக்கிகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. தோமினிக் அதையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சின்னராஜ் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் அருணகிரி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். கேட்ட பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. சின்னராஜ் கீழே நூல் கழிவிலிருந்து பொறுக்கி மடித்து வைத்திருந்த காகிதங்களைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மறுநாள் அவற்றைத் தோமினிக் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவருடைய தங்கை செல்வமேரி வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணன் யாரையும் பார்க்கிறதில்லை என்றாள்.

தீபாவளிக்கு 'ஏழாம் கணவாய்' புத்தகமாக வந்தது. கடைசிப் பக்கத்தில் கொற்றி மாலையும் கழுத்துமாக நின்றாள், இளவரசன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான், ராஜா அட்சதை போட்டார். நன்றாக விற்றதாகக் கேள்வி. சின்னராஜ் அதை வாங்கவில்லை. அவன் பெட்டிக்கடையில் வழக்கம்போல மணிக்கூண்டை வாங்கி, நின்ற நிலையிலேயே படப் பக்கத்தைப் புரட்டினான். தொப்பை ஜமீன் இல்லை. சரி, பண்டிகை வாரம், மனுஷனுக்கும் ஓய்வு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த அந்தப் பக்கம் முழுவதிலும் கூந்தல் தைல விளம்பரம் போட்டிருந்தார்கள்.